பாலா, மிலாறா

அக்கா,

இன்று காலை ஒரு மாணவி பார்மலின் போத்தலை மூடாமல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆய்வுக்கூடத்துக்குள் கால் வைத்ததுமே அந்த நெடி மூக்கில் அடித்து, கண்ணில் ஏறி, தொண்டையில் இறங்கியது. மற்றவர்களுக்கு அது பிணவறை நெடி. எனக்கு அது நீ. உன் தலைமாட்டில் வருசக்கணக்காகக் கிடந்த நெடி. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். அவள் கண் கலங்கி நின்றாள், பார்மலினாலா என் வாயாலா தெரியவில்லை. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன்னோடு பேசி நாளாயிற்று.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ அங்கிருந்து பல்லைக் கடிக்க வேண்டாம். உன் கண் போனதால்தான் நான் நுண்ணோக்கி செய்யப் போனேன் என்று இதுவரை எவரிடமும் சொல்லவில்லை. கேட்கிறார்கள். கருத்தரங்குகளுக்குப் போனால், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் என்று தெரிந்ததும், கண்ணீர்க்கதை ஏதாவது கிடைக்குமா என்று கோப்பியும் கையுமாகப் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். எனக்குக் கணக்கு வந்தது, வெளிச்சம் பிடித்தது, போனேன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். "எங் கண்ண வித்துப் பேரு வாங்குன, பல்ல ஒடைச்சுக் கையில குடுத்துருவேன்" என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. பல் எல்லாம் அப்படியே இருக்கிறது, அக்கா.

நீ எதையும் அடித்துத்தான் பேசுவாய். ரேடியோ கரகரத்தால் தலையில் ஓர் அடி. பீலியில் தண்ணீர் வராவிட்டால் அந்தத் தகரக் குழாய்க்கு ஓர் உதை. அப்பா குடித்துவிட்டு அம்மா மேல் கையை ஓங்கிய அன்று நீ விறகுக்கட்டையால் அந்தக் கையை அடித்ததில், அவர் சாகும்வரை அந்தக் கையால் தேத்தண்ணிக் கோப்பையைக்கூட நேராகப் பிடிக்கவில்லை. நம் லயத்தில் உன்னைக் கண்டு ஆம்பளைகள் வழிவிட்டார்கள். பொம்பளைகள் உன்னைத் திட்டிக்கொண்டே உன் பின்னால் வந்து ஒளிந்தார்கள்.

அப்படி ஒளிந்தவள்தான் ராசாத்தி அக்கா. லயத்து வரிசையில் பக்கத்து அறை, பக்கத்துக் காம்பறா. நடுவில் இருந்தது சுவர் என்று பேர், அவள் புருசன் அவளை அடிக்கும்போது நம் வீட்டு அலுமினியத் தட்டுகள் அதிரும். நீ சுவரை மண்வெட்டிப் பிடியால் குத்தி, "டேய், கைய எடுக்குறியா, நான் அங்கிட்டு வரவா?" என்பாய். கொஞ்ச நேரம் அடங்கும். சம்பளம் போட்ட சனிக்கிழமைகளில் அடங்காது. கடைசி லயத்துக்குப் பின்னால், ஓடையோரம், சுருளி கள்ளத்தனமாகக் கசிப்புச் சாராயம் காய்ச்சி விற்றான். அவனும் நம் சனம்தான், நம்மைப் போலவே அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அங்கே கிடப்பவன். அதுதான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஒரு நாள் விடியலில் ராசாத்தி அக்கா கைக்குழந்தையோடு நம் வாசலில் நின்றாள். உதடு கிழிந்து, முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.  நீ, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகாமல், கூடையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்தாய். லயத்து நடுவில் நின்று கத்தினாய்: "புருசன்கிட்ட ஒதை வாங்குனவ எல்லாம் வெளிய வாங்கடி. ஒதை வாங்காதவ வீட்லயே இருங்க." ஒருத்திகூட வீட்டில் இருக்கவில்லை.

சுருளி சாராயத்துக்கு ஊறப்போட்டிருந்த கோடாப் பீப்பாய்கள் உடைந்த சத்தம் எதிர்மலைக்குக் கேட்டது. புளித்த நாற்றம் ஓடையெல்லாம். சேவல் ஒன்று அதைக் குடித்துவிட்டு நேராக நடக்க முடியாமல் மல்லாந்து விழுந்ததைப் பார்த்து நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டு இருக்கும்போதுதான் சுருளி வந்தான். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகளை விறகுக்கு அடுக்கி வைத்திருந்த குவியலிலிருந்து ஒரு மிலாறை உருவி, ஓடி வந்த வேகத்தில் உன் முகத்துக்குக் குறுக்கே விளாசினான். நீ விழவில்லை. அந்த மிலாறையே அவன் கையிலிருந்து பிடுங்கி அவனை அடித்தாய். முதுகில், தலையில், கடைசியாக முட்டியில். அவன் கால் அன்றோடு நொண்டியது. அவன் தரையில் கிடந்து ஊளையிட்ட பிறகுதான் நீ இடது கையைத் தூக்கிக் கண்ணைத் தொட்டாய். விரலிடுக்கில் தண்ணீரும் இரத்தமும் வழிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஊர் பிடித்துக்கொண்டது. கண்ணில் தூசு விழுந்தால், அடிபட்டால், பிள்ளை பெற்றவளின் பால் இரண்டு சொட்டு விடுவது நம் லயத்தில் எல்லாரும் செய்வது. அம்மா உன் இமையை விரித்துப் பிடித்தாள். ராசாத்தி அக்கா, தனக்காக அடி வாங்கியவளுக்குச் செய்ய அவளிடம் வேறென்ன இருந்தது, ரவிக்கையை விலக்கி உன் மேல் குனிந்தாள். நீ கத்திக்கொண்டே இருந்தாய். "சூடாத்தான்டி இருக்கு, ஊத்து" என்றும் சொன்னாய்.

சில நாளில் கருவிழி வெள்ளையாயிற்று. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணின் மேல்பரப்பில் கொஞ்சம் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தார், அதில் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைக்கு அடியில், ஆழத்தில், என்ன இருக்கிறது என்று பார்க்க அந்தக் காலத்தில் அவரிடம் வழியில்லை. "என்ன மருந்து விட்டனீங்கள்?" என்று கேட்டார். அம்மா சொன்னாள். அவர் பேனையை மேசையில் போட்டார். "என்ன விசர் வேலை பாத்து வச்சிருக்கிறியள்! பால் விட்டால் கண் அழுகும்தானே!" அந்த ஒரு வாக்கியம் நமக்கு முன்னாலேயே பஸ் ஏறித் தோட்டத்துக்கு வந்துவிட்டது.

பொலிஸில் சுருளிக்கு அது போதுமாக இருந்தது. "நான் அடிச்சதுல போகல ஐயா, அவுங்களே பால ஊத்திக் கெடுத்துக்கிட்டாங்க" என்றான். சார்ஜன்ட் 'கிரி' என்று சிங்களத்தில் பாலைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். முறைப்பாடு அந்தச் சிரிப்போடு முடிந்தது. அம்மா அன்றைக்கு மூடிய வாயைப் பிறகு சரியாகத் திறக்கவே இல்லை, அந்தப் பழியோடேயே போய்ச் சேர்ந்தாள்.

கண்ணை முழுதாக எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து நீ முதலில் கேட்டது தண்ணீர் இல்லை. "எங் கண்ணு எங்க?" நர்ஸ் ஏதோ சமாதானம் சொன்னாள். நீ கட்டிலிலிருந்து இறங்கி, தடுமாறிப் போய், தள்ளுவண்டியில் உன் கண்ணைப் பார்மலினில் போட்டு வைத்திருந்த போத்தலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாய். பிடுங்க வந்தவரின் கையைக் கடித்தாய். "ஒருத்தன் அடிச்சான், ஒருத்தர் வெட்டுனாரு. இனிமே இதுல எவனும் கத்தி வைக்கக்கூடாது. நான் சாகுறன்னைக்கு என்னோட முழுசா மண்ணுக்குப் போகணும்." அவர்கள் விட்டுவிட்டார்கள். உன்னிடம் அதைப் பறிக்க அங்கே ஒருவருக்கும் உடம்பில் தெம்பில்லை.

பிறகு நீ செய்ததை நான் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஒவ்வொரு காலையும் பெரட்டுக்குப் போகும் வழியில் சுருளி மறுபடியும் கசிப்பு விற்ற பலகைக்கு முன்னால் நின்று, இடுப்பில் கட்டிய படங்குத் துணிக்குள்ளிருந்து போத்தலை எடுத்து அவன் முன்னால் வைப்பாய். உள்ளே உன் கண் அவனைப் பார்த்து மிதக்கும். "பாரு" என்பாய். ஒரு சொல்தான். அவன் பார்க்கும்வரை நிற்பாய். அவன் இடத்தை மாற்றினான், நீ தேடிப் போனாய். ஒரு தடவை உன் வாயில் குத்தினான், நீ இரத்தத்தைத் துப்பிவிட்டுப் போத்தலை நேராக வைத்தாய். காலையில் குடிக்க வருகிற ஆம்பளைகள் அந்தக் கண்ணைக் கண்டு வாந்தியெடுத்தார்கள். அவன் கடைசியில் உன்னைக் கண்டதும் சாக்கைத் தலையில் போட்டுக்கொள்வான். நீ சாக்கை விலக்குவாய்.

ஆனால் ராசாத்தி அக்கா செத்துச் செத்துப் பிழைத்தாள். அவள் பாலில் விசம் என்றார்கள். பிள்ளைகளை அவள் மடியில் கொடுக்கமாட்டார்கள். சாவு வீட்டில் பொம்பளைகள் வட்டமாக நின்று மாரடித்து அழும்போது அவளை வட்டத்தில் சேர்க்கமாட்டார்கள், அந்த மாரில் அடித்தால் சாவு தொடரும் என்றார்கள். அவள் தன் பிள்ளைக்கே பால் கொடுப்பதை நிறுத்தினாள். அது சீனித் தேத்தண்ணியில் வளர்ந்தது. பீலியில் ஒருத்தி அவள் குடத்தை உதைத்துத் தள்ளிய அன்று, நீ உன் குடத்தால் அந்த உதைத்தவளின் தோளை உடைத்தாய்.  ராசாத்தி அக்கா அழுதுகொண்டு உன் கையைப் பிடிக்க வந்தாள். அப்போது நீ சொன்னாய்:

"போடி அங்கிட்டு. பாலா மிலாறான்னு எனக்கே தெரியாது."

நீ பேசியதிலேயே கொடுமையான பேச்சு அதுதான், அக்கா. அது அவள் நெஞ்சில் குத்திய அளவுக்குச் சுருளியின் மிலாறுகூட உன் கண்ணில் ஆழம் போயிருக்காது. உனக்கும் அது தெரிந்திருந்தது. உனக்குப் பொய் வராது, "இல்லடி, உம் பாலு இல்ல" என்று ஒரு வார்த்தை சொல்ல உன் நாக்கு வளையவில்லை. அன்றிலிருந்து கொழுந்து மலையில் அவள் ஒன்று செய்தாள், ஞாபகம் இருக்கிறதா? கங்காணி நிரை பிரிக்கும்போது எப்போதும் உனக்கு இடப்பக்க நிரையைக் கேட்டு வாங்கினாள். உனக்குக் கண் இல்லாத பக்கம். பேசமாட்டீர்கள். நீ குழியில் கால் வைக்கப்போனால் அவள் கையில் இருக்கும் மட்டக்கம்பால் தரையைத் தட்டுவாள், நீ காலை எடுப்பாய். வருசக்கணக்காக அவ்வளவுதான் உங்களுக்குள் இருந்த பேச்சு.

நான் வெளிநாட்டில் படித்துவிட்டு, அந்த நுண்ணோக்கி வேலையோடு கண்டிக்குத் திரும்பி வந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "வெட்டாம உள்ள பாக்கலாமா?" என்பதுதான். பார்க்கலாம் என்று வாய் விட்டேன். அடுத்த வாரம் நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் ஏறி, பச்சைச் சேலை கட்டி, போத்தலை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாய். பஸ்ஸில் உன் பக்கத்தில் ஒருவரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். "சீக்கிரம் பாத்துக் குடுத்துரு. நான் இல்லாம சுருளி சந்தோசமா இருக்கான்" என்றாய்.

எங்கள் இயந்திரம் லேசர் ஒளியை ஊசிமுனையாக்கி, சதைக்குள் ஒரு புள்ளியில் விழவைத்து, அந்தப் புள்ளியை வரி வரியாக நகர்த்திப் படம் சேர்க்கும். மேலே தெளிவாக வரும். உள்ளே போகப் போக சதையின் மேடு பள்ளத்தில் ஒளி கலைந்து, ஊசிமுனை பஞ்சாகிவிடும். உன் கண்ணோ வெள்ளையாய் அழுகிப் பார்மலினில் இறுகிய கண். திரையில் வெறும் புகைதான் தெரிந்தது. நீ என் தோளுக்குப் பின்னால் நின்று பொறுமை இழந்தாய்.

"என்னாடி இது, மலையில பனி எறங்குன மாதிரி? வெளிச்சத்தக் கூட்டு."

"கூட்டினா சுட்டுரும்க்கா."

"கூட்டுடி! நீ ஒரு பயந்தாங்கொள்ளி. எதையும் ஓங்கி அடிச்சாத்தான் வழிக்கு வரும்."

கூட்டினேன். உன் குரல் பக்கத்தில் கேட்டால் யார்தான் கேட்கமாட்டார்கள். திரையில் ஒரு குமிழ் கிளம்பி வெடித்தது. கருவிழியின் ஓரத்தில் கறுப்பாய் ஒரு துளை விழுந்தது. மாணவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நீ என் இடது கன்னத்தில் விட்டாய் ஓர் அறை. காது ரீங்கென்றது.

"ஏற்கனவே ஒருத்தன் அடிச்ச கண்ணுடி அது!"

நீதானே கூட்டச் சொன்னாய் என்று நான் கத்தினேன். "நான் படிக்காதவ, சொல்லுவேன். நீ படிச்சவ, கேப்பியா?" என்று நீ அதைவிடக் கத்தினாய். இரண்டு பேரும் அழுதோம். பிறகு தேத்தண்ணி குடித்தோம். உன் நியாயத்தை எந்தக் கோர்ட்டிலும் வெல்ல முடியாது.

அன்றைக்குத்தான் நான் செய்துகொண்டிருந்த லென்ஸை உனக்குக் காட்டினேன். மூக்குத்திக் கல்லைவிடக் கொஞ்சம் பெரிய வட்டக் கிண்ணம். உள்ளே எண்ணெயும் உப்புத் தண்ணீரும் ஒன்றோடொன்று சேராமல் நிற்கின்றன. இரண்டும் தொடும் இடம்தான் லென்ஸ். கண்ணாடி கிடையாது. சுற்றிலும் சின்னச் சின்ன மின்முனைகள். எந்தப் பக்கம் மின்சாரத்தைக் கூட்டுகிறோமோ அந்தப் பக்கம் தண்ணீர் ஏறும், பரப்பு வளையும். உனக்கு விளங்க வைக்க மட்டக்கம்பைத்தான் பிடித்தேன். கொழுந்து எடுத்த செடியின் தலை மட்டமாக இருக்கிறதா என்று கம்பை வைத்துப் பார்ப்பீர்களே, அதுபோல ஒளியும் மட்டமாகத்தான் கிளம்புகிறது. அழுகிய கண் அதை மேடும் பள்ளமுமாக ஆக்கிவிடுகிறது. கண் எங்கே மேடாக்குமோ அங்கே இந்தத் தண்ணீர் முன்கூட்டியே பள்ளம் போடும், பள்ளமாக்கும் இடத்தில் மேடு போடும். இரண்டும் கழிந்து உள்ளே போய்ச் சேரும்போது மட்டமாகிவிடும்.

நீ உன் ஒற்றைக் கண்ணால் அந்தக் கிண்ணத்தை வெகுநேரம் பார்த்தாய். "கோணலுக்குக் கோணல். அப்பிடிச் சொல்லு. நான் ஊருக்குள்ள செய்றதத்தான் உந் தண்ணி செய்யுது" என்றாய். போத்தலை என்னிடம் விட்டுவிட்டுப் போகும்போது என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "வீங்கல" என்று திருப்தியாகச் சொன்னாய்.

மரத்திலும் பூஞ்சணத்திலும் மட்டும் ஒட்டி ஒளிருகிற ஒரு சாயம் இருக்கிறது, கண்ணின் சதையில் ஒட்டாது. அதில் உன் கண்ணை ஊறப்போட உன்னைக் கேட்டேன். "போடு. கத்திதான் கூடாது" என்றாய். சாயம் மெல்ல உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. லென்ஸும் அரைகுறையாக வேலை செய்யத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ராசாத்தி அக்காவிடமிருந்து போன். அவள் அதுவரை எனக்குப் போன் எடுத்ததே இல்லை. "தங்கச்சி, கொளவி... ஒங்கக்காவ..." என்று இழுத்தாள். அன்று கங்காணி அவளை வேறு மலைக்கு அனுப்பிவிட்டான். உன் இடப்பக்க நிரை காலியாக இருந்தது. செடிக்குள் இருந்த குளவிக் கூட்டை, கண் இருந்தால் நீ பார்த்திருப்பாய். கூடையால் இடித்துவிட்டாய். மற்றவர்கள் ஓடினார்கள். நீ ஓடாமல் நின்று கூடையைச் சுழற்றி அவற்றோடு சண்டை போட்டாயாம். குளவியோடு எவளாவது சண்டை போடுவாளா, அக்கா! உன்னை என்ன சொல்லித் திட்டுவது. ராசாத்தி அக்கா போனில் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்: "நான் இன்னைக்கு எடப்பக்கம் இல்ல, தங்கச்சி. நான் எடப்பக்கம் இல்ல."

நான் உடனே ஓடிவரவில்லை. அடக்கம் மறுநாள் பின்னேரம் என்றார்கள். நீ மண்ணுக்குள் போனால் கண்ணும் உன்னோடு போகும், உனக்குக் கொடுத்த வாக்கு. கண் போனால் பாலா மிலாறா என்பதும் போகும். ராசாத்தி அக்கா அந்தக் கேள்வியோடேயே கிழவியாகிச் சாவாள். கூட வேலை செய்தவர் ஒருவர் மெல்ல வந்து, "ஒரு சின்னத் துண்டு வெட்டிப் பாத்தா ஒடனே தெரிஞ்சிருமே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். பிளேடு மேசையில்தான் இருந்தது. நான் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. அவர் அறையைவிட்டே போய்விட்டார்.

உன் கண்ணை ஏற்றி வைத்து, ஊதா லேசரைக் குறைவான பலத்தில் விட்டேன். மறுபடியும் பனி. கணினி தண்ணீர் லென்ஸை ஒவ்வொரு விதமாக வளைத்துப் பார்க்கும். படம் தெளிந்தால் அந்த வளைவை வைத்துக்கொள்ளும், மங்கினால் விட்டுவிடும். கொஞ்சம் ஆழம் போனால் மறுபடி முதலிலிருந்து. கை பரபரத்தது. பலத்தைக் கூட்டு கூட்டு என்று உன் குரல் ஒரு காதில், கன்னத்தில் உன் கை இன்னொரு பக்கம். கூட்டவில்லை. பால் பட்ட மேல்பரப்பு முழுதும் வந்து போயிற்று, ஒன்றும் ஒளிரவில்லை. இன்னும் ஆழம். இன்னும். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

பிறகு பனிக்குள்ளிருந்து ஒரு கோடு வந்தது. லென்ஸ் வளைய வளைய அது இறுகியது. நேராக, சாய்வாகக் குத்தி நிற்கிற ஒரு சிலாம்பு, மெல்லிய சிராய். அதன் உடம்பில் அறை அறையாகத் தடுப்புகள். கண்ணுக்குள் அப்படி ஒரு பொருள் வளராது. அது மரம். தேயிலை மரம். அதன் மேலெல்லாம் நூல் நூலாகப் பூஞ்சணம் முளைத்து, கிளை விட்டு, நாலா பக்கமும் உன் கண்ணுக்குள் ஓடியிருந்தது. மரத்தின் அருகே அடர்த்தி, தள்ளிப் போகப் போக ஐது. எங்கிருந்து கிளம்பியது என்பதில் சந்தேகமே இல்லை. கண்ணில் பால் விடுவது சரியென்று நான் சொல்லமாட்டேன், அது வேறு கண்களைக் கெடுத்திருக்கலாம். உன் கண்ணைத் தின்றது சுருளி உள்ளே குத்தி விட்டுப்போன மிலாறு. நான் மேசையை ஓங்கிக் குத்தினேன். பிறகு போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். என் பக்கத்திலும் எவரும் உட்காரவில்லை.

வாசலில் பெட்டிக்குள் கிடந்தாய். முகம் உன் முகமாக இல்லை. ஊதிக் கறுத்து, மிச்சமிருந்த கண்ணும் வீங்கி மூடிப்போயிருந்தது. பொம்பளைகள் வட்டமாக நின்று மாரடித்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக ஒரு வாங்குப் பலகையில், வெள்ளைச் சாரம் கட்டி, நொண்டிக் காலை நீட்டி, சாவு வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு சுருளி உட்கார்ந்திருந்தான். ராசாத்தி அக்கா எங்கே என்று தேடினேன். பீலிக்கரையில், தனியாக, முக்காடு போட்டு நின்றாள்.

"ராசாத்தியக்கா! இங்க வாங்க!"

"வேணாம் தங்கச்சி. நான் இங்கிட்டே நிக்கிறேன்."

"பாத்துட்டேன்!" என்று கத்தினேன். மாரடி நின்றது. "கண்ணுக்குள்ள மிலாறு சிலாம்பு நிக்கிது. அதுலருந்துதான் பூஞ்சணம் மொளைச்சிருக்கு. பால் பட்ட எடத்துல ஒண்ணுமே இல்ல!"

அவள் மெல்ல நடந்து வந்தாள். "எம் பாலு இல்லையா?"

"இல்லக்கா."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன்."

"அதுக்குத் தெரியுமா?" என்று உன்னைக் காட்டினாள். "அதுக்குச் சொல்லிட்டியா?"

சொல்லவில்லையே, அக்கா. நான் குனிந்து உன் காதில் சொன்னேன். பிறகு போத்தலைத் திறந்து, தோட்டத்துத் தலைவர் "என்னம்மா இது" என்று பதறியதைக் கேட்காமல், உன் கண்ணை என் கையால் எடுத்து உன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினேன். நான் சுட்ட துளையைத் தவிர அது முழுசாகத்தான் இருந்தது. ராசாத்தி அக்கா முக்காட்டை எடுத்து எறிந்தாள். வட்டத்துக்குள் வந்து நின்றாள். ஒருத்தியும் தடுக்கவில்லை, உன்னிடம் தோள் உடைந்தவள்தான் முதலில் நகர்ந்து இடம் விட்டாள். ராசாத்தி அக்கா இரண்டு கையாலும் தன் மாரில் அடித்தாள். ஒவ்வொரு அடியும் சுவரில் இடித்த மாதிரி கேட்டது. அழுகையா ஆங்காரமா என்று சொல்லத் தெரியாத ஒரு குரல். பெட்டியைத் தூக்கியவர்கள் தேயிலைக்குள் மறைந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை, நான்தான் கையைப் பிடித்தேன். சுருளி குடித்து முடிக்காத கோப்பையை வைத்துவிட்டு எப்போதோ போயிருந்தான்.

அந்தப் போத்தலை அவள் பீலியில் கழுவினாள். "இத நான் வச்சுக்கிறேன்" என்றாள்.  மறுநாள் காலை பெரட்டுக்குப் போகிற வழியில் அவள் சுருளியின் பலகைக்கு முன்னால் நின்றதை நான் மேலே பாதையிலிருந்து பார்த்தேன். இப்போது அது வெற்றிலைக் கடை என்று பேர். படங்குக்குள்ளிருந்து எடுத்து வைத்தாள்.

"பாரு" என்றாள்.

அவன் பார்த்தான். "காலியாத்தான கெடக்கு."

"ஆமா. பாரு."

இப்போதும் வைக்கிறாள், அக்கா. மழையென்றாலும் வைக்கிறாள். எப்போதாவது எனக்குப் போன் எடுத்து, "வச்சேன், தங்கச்சி. பாத்தான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவாள். சட்டம் அவனை ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் போவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்து வெளியே வந்தேன். காலையில் என்னிடம் திட்டு வாங்கிய அந்த மாணவி இயந்திரத்தின் முன்னால் இருந்தாள். திரையில் பனி. அவள் கை பலத்தைக் கூட்டும் குமிழுக்குப் போய்க்கொண்டிருந்தது. அடிக்கத்தான் என் கை எழுந்தது, பல்கலைக்கழகம் என்பதால் அடக்கிக்கொண்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தண்ணீர் லென்ஸின் பக்கம் வைத்தேன். ஏன் மிஸ் கன்னத்தைத் தடவுறீங்க என்று கேட்டாள். உன் ஐந்து விரலும் அங்கே இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது.